இடப்பக்கம்

கப்பல் பட்டறையின் வின்ச்
என் வலது முழங்கையைத் தின்று ஏழு மாதம்.
புந்தா அரேனாஸில் இன்றும் காற்று
கதவைத் திறக்க விடவில்லை.

ஈயக்கம்பியைப் பிடிக்க மேசையில்
ஒரு துணி கிளிப்பை ஆணியடித்தேன்.
சர்க்யூட் பலகை நகராதிருக்க
மகனுடைய களிமண்.
இடது கை சூட்டுக்கோலைக் கொண்டுபோவது
குழந்தை தானே சோறுண்பது போல:
பாதி மூக்கில்.
மூன்று மீன்படகு ரேடியோக்களை முடித்தேன்,
நாலாவது கருகிவிட்டது.
படகுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.
திட்டியிருக்கலாம்.

இரவில் மோர்ஸ் சாவி.
அதையும் இடப்பக்கம் திருகி வைத்தாயிற்று.
தட்டலுக்கும் கையெழுத்து உண்டு;
சிலோயே தீவிலிருந்து ரொசமெல்
பதினோரு வருடமாய் அதைக் கேட்டே
எனக்குச் சளியா கோபமா என்று சொல்லிவிடுவார்.

அழைத்தேன்.
புள்ளி நீண்டது, கோடு நொண்டியது.
'யாஸ்னாவின் பெயரில் யார் இது?'

அப்போதுதான் விபத்தைச் சொன்னேன்
எழுத்தெழுத்தாக, நாற்பது நிமிடம்,
முழங்கை என்ற சொல்லில் மட்டும்
மூன்று தடவை பிழைவிட்டு.

வெறும் இரைச்சல், நெடுநேரம்.
பிறகு அவர் தட்டல். மெதுவாக,
படியில் இடறுகிறவனைப் போல.

'சாவியை நானும் இடப்பக்கம் மாற்றினேன்.
நீ மட்டும் ஏன் தப்புவிட வேண்டும்?'

வானிலையைப் பேசி முடிப்பதற்குள்
விடிந்துவிட்டது.