எடைமேடை, வள்ளியூர்

வண்டியை மேடையில் ஏற்றிவிட்டு
தள்ளிப் போய் நின்றுகொண்டார் சுயம்புலிங்கம்.
“நீங்களுந்தான அதுல படுக்கப் போறீய,
ஏறுங்க” என்றேன்.

பிக்கப் தாங்குவது ஆயிரத்து இருநூறு.
முதுகில் கட்டிய தகரவீடே
எண்ணூற்று எழுபது.
சிலிண்டர் முப்பது.
தொட்டியில் இருநூறு லிட்டர்;
தண்ணீர் பேரத்துக்குப் படியாது,
லிட்டருக்கு ஒரு கிலோ.
புருசன் பெண்டாட்டி
நூற்று முப்பது.

முப்பது கூடுதல்.
பின்பட்டா நிமிர்ந்தே போயிருந்தது.
“நான் பஸ்ஸுல வாரேன்”
என்றாள் உள்ளிருந்து தங்கபுஷ்பம்,
சிரிக்காமல்.

அவர் பேசாமல் பின்னால் போய்
தொட்டிக் குழாயைத் திறந்தார்.
ஆனிக் காற்று தாரையைச் சாய்த்து அடித்தது.
எண் அசையவில்லை.
மேடையில் நிற்கிற தண்ணீரும் அவரும்
எடைதானே.

விளிம்பு தாண்டி மண்ணில் விழுந்த பிறகு
பத்துப் பத்தாய் இறங்கியது.
“போதும், மூடுங்க.
காலு கழுவவாவது மிஞ்சட்டும்.”