தட்டினால் ஓடும்

மூன்றாம் முறையும் திரும்பி வந்தது பெட்டி
வாடிப்பட்டியிலிருந்து, தவிட்டு வாசத்தோடு.
மூடியில் ஒரு பள்ளம்,
ஓர் உள்ளங்கை அளவு.

"தட்டுனா ஓடுது மேடம்,
இன்னொரு தட்டுக்கு நின்னுபோகுது.
தட்டுறதுக்குன்னே
ஒரு ஆளைப் போட்டுருக்கேன்"
என்றார் ஆலைக்காரர் ஒச்சப்பன்.
கேலியா புகாரா, தெரியவில்லை.

கப்பலூரில் என் மேசைமேல் வைத்து
எட்டு மணிநேரம் ஓடவிட்டேன்.
ஒரு பிழை இல்லை.
நல்ல மேசை. அசையாத மேசை.
பிழை அதுதான் என்று
உறைக்க மூன்று தடவை ஆகியிருக்கிறது.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
பஸ் ஏறினேன்.
சமயநல்லூர் தாண்டியதும்
ஜன்னல் கண்ணாடி, கண்டக்டர் பைச் சில்லறை,
என் கடைவாய்ப் பல் வரை அதிர்ந்தது.
எதிர் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவளின்
காதுத் தோடு மட்டும்
இருந்த இடத்தில் இருந்தது.
திருகாணி.
அழுத்தி மாட்டுகிற கம்மலில்
இரண்டு ஜோடி தொலைத்தவள் நான்.

ஆலையில்
கல் நீக்கும் சல்லடை ஆடிக்கொண்டிருக்க,
மூடியைத் திறந்து
பிளக்கின்மேல் விரல் வைத்தேன்.
நத்தைபோல வெளியே வந்துகொண்டிருந்தது.
பின்னின் வெள்ளீய முலாம் தேய்ந்து
கண்மைபோல ஒரு கறுப்பு.
தூசி புகாத பெட்டிதான்;
தூசி உள்ளேயே பிறந்திருக்கிறது.

"இது ஒண்ணு ரெண்டு ரூபா.
நீ கேக்குறது நாப்பத்திரண்டு"
என்றார் முதலாளி துளசிராம்.
தட்டுகிற ஆளின்
தினக்கூலியைச் சொன்னேன்.
கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்தார்.

பதினான்கு கனெக்டரில்
ஐந்தை எடுத்தே விட்டேன்.
இல்லாத இணைப்பு கழலாது.
மீதி ஒன்பதுக்கும்
உள்ளே பூட்டு, வெளியே திருகு.
'டிக்' கேட்காமல் மூடியைத் தொடாதே என்று
அசெம்பிளிப் பெண் மரியபுஷ்பத்திடம்
இரண்டுமுறை சொல்லியாயிற்று,
அவள் ரேடியோவை அணைக்கிற வரை.

ஒயர் முனைக்கு ஈயம் வேண்டாம்.
ஈயம் வைத்த இடம் கெட்டி,
ஈயம் முடிகிற இடத்தில் முறியும்.
நசுக்கிப் பிடிக்கிற முனை போதும்.
இரண்டு விரற்கடை தள்ளி ஒரு கிளிப்.
அதற்கும் கிளிப்புக்கும் நடுவே
கொஞ்சம் தொய்வு.
நாண் மாதிரி இழுத்துக் கட்டியதுதான்
போன தடவை நான் செய்தது.
பார்க்க அழகாக இருந்தது.

ஆறு வாரம் கழித்து ஒச்சப்பன் பேசினார்.
பின்னால் சல்லடைச் சத்தம்,
விடாமல்.
"ஓடுது மேடம்.
ஆனா அந்தப் பயலுக்குக் கை சும்மா இருக்கல.
போறப்ப வர்றப்ப
ஒரு தட்டு தட்டிட்டுத்தான் போறான்."

தட்டட்டும், என்றேன்.