பன்னிரண்டு அங்குல பிளேனர்

பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி நடக்கும்போதே
கணக்குப் போட்டுவிட்டேன்:
நானூற்றிருபது கிலோ வார்ப்பிரும்பு,
காயலான் கடையில் கிலோ முப்பத்தெட்டு.
அதற்குக் கீழே எந்த மெஷினும் விழாது.
புதுசு தொண்ணூற்றைந்து, ஜிஎஸ்டி தனி.
இரண்டுக்கும் நடுவில் எங்கோ
லாசர் என்பவரின் ஷெட்.

"நாப்பத்திரண்டு" என்றார், ஷட்டரைத் தூக்கும்போதே.
நான் கேட்காத மாதிரி உள்ளே போனேன்.
காதில் விலை ஏறிவிட்டால்
கண் மங்கிவிடும்.

பையிலிருந்து இரும்பு ஸ்கேல்.
மேசையின் நெடுக்கே, குறுக்கே, மூலைக்கு மூலை வைத்து
அடியில் செல்போன் வெளிச்சம் அடித்தேன்.
பலகை வெளியேறும் கோடியில் மட்டும்
ஒரு முடி நுழையும் அளவு கசிந்தது.
பொறுக்கும். நான் செய்வது
ஸ்டூல் காலும் பூஜை அலமாரியும்,
வீணை அல்ல.

கட்டர் தண்டைப் பிடித்து அசைத்தேன். ஆடவில்லை.
பெல்ட்டைக் கழற்றி விரலால் சுற்றிவிட்டேன்.
கெட்ட பேரிங் அரிசி களைகிற சத்தம் போடும்,
நல்லது வாயே திறக்காது.
இது திறக்கவில்லை.

அப்புறம்தான் கண்ணில் பட்டது அந்தக் கோடு:
ஸ்டாண்டின் பச்சை பெயின்ட்டில், முழங்காலுக்கு ஒரு சாண் மேலே,
கழுவாமல் விட்ட டீ டம்ளரின் நிறத்தில்.

"தண்ணி ஏறிச்சா?"
"மூணு நாள் நின்னுச்சு மேடம்.
மேல பெயின்ட் அடிச்சிருக்கலாம். அடிக்கல."

பள்ளிக்கரணையில் என் கடைச் சுவரிலும்
அதே டிசம்பரின் கோடு.
அந்தத் தண்ணீரில் முங்கிய கடைசல் மெஷினை
நான் விற்றபோது
மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டுத்தான் விற்றேன்.
வாங்கிப் போனவர் பெயர்கூட நினைவில்லை.
பெரியபாளையம் பக்கம்.

மோட்டார் மூடியைக் கழற்றச் சொன்னேன்.
சேறு இல்லை.
வார்னிஷோடு ஒட்டிக் காய்ந்த சீட்டு ஒன்று:
முழுக் காப்பர், ரீவைண்டிங், தேதி,
கீழே பாடி முனிரத்தினத்தின் கோழிக் கிறுக்கல்.
முனிரத்தினம் அலுமினியம் கலக்க மாட்டார்.
அட்வான்ஸ் வாங்கிய பிறகு போனும் எடுக்க மாட்டார்,
அது வேறு.

வெள்ளத்துக்காக விலையைக் குறைத்திருந்தார் லாசர்.
வெள்ளத்தால் புதுசான மோட்டாருக்கு
ஒரு ரூபாய் ஏற்றவில்லை.
அவருக்கு அது ஆஸ்பத்திரிச் செலவு மாதிரி,
போனது போனதுதான்.
நான் மூடியைத் திருகி மூடினேன்.

ஓட்டினார்.
மேசைமேல் ஐந்து ரூபாயை விளிம்பில் நிறுத்தினேன்.
நாணயம் நின்றது.
அவர் என்னைப் பார்த்தார்,
நான் ஐந்து ரூபாயைப் பார்த்தேன்.

"சரி, நாற்பத்திரண்டே" என்றேன்.

முகம் விழுந்துவிட்டது மனிதருக்கு.
"கொறைக்கச் சொல்லலையா?"
ஸ்விட்சை அணைத்துவிட்டு
மெஷினை ஒரு சுற்று வந்தார்.
எதை விட்டோம் எதை விட்டோம் என்று
குனிந்து, தடவி,
சக்கரத்துக்குப் பின்னால் எல்லாம் எட்டிப் பார்த்தார்.
இன்றிரவு தூங்க மாட்டார் என்று தெரிந்தது.

கோடியில் கசிந்த வெளிச்சத்தைக் காட்டினேன்.
"இதுக்கு மூவாயிரம் கொறைங்க."
நிமிர்ந்தார். உயிர் வந்தது.
ராஜ்கோட் வார்ப்பு என்று மேசையைத் தட்டினார்,
போன வாரம் ஒருத்தன் நாற்பத்தைந்துக்குக் கேட்டான் என்றார்,
யாரோ மச்சானை இழுத்தார்.
நானும் விடவில்லை.
நாற்பதரையில் நின்றது.
வேர்வையைத் துடைத்துக்கொண்டு
இரண்டு டீ சொன்னார், எனக்கு பட்டர் பிஸ்கெட்டும்.

மதுரவாயல் தாண்டும்போது தூறல்.
தார்ப்பாய் படபடத்தது.
டெம்போ டிரைவர் கேட்டான்,
"எவ்ளோக்கு முடிஞ்சுதுக்கா?"

"நாற்பத்தெட்டு" என்றேன்.
வாயில் அதுதான் வந்தது.

"ஏமாந்துட்ட" என்று
வைப்பரைப் போட்டான்.