துரத்தாத நாய்

நவம்பர். மூன்றரை மணிக்கே பொழுது சாத்திக்கொள்ளும்.
ஸ்காட்லாந்தின் தெற்குச் சரிவில்
இஷ்பெல் டர்ன்புல்லின் பட்டிக்கு
ஸ்கேன் பெட்டியோடு வந்து நிற்கிறேன்.
"வயிறு பார்க்க ஜனவரி ஆகுமே" என்கிறாள்.
வயிறு இல்லை, நெஞ்சு.
அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறாள்.

நூற்றுப் பன்னிரண்டு பெட்டைகள் மேடேறுகின்றன.
ஒன்று பாதியில் நின்றுவிட்டது.
நாய் இன்னும் வண்டிக்குள்தான் இருக்கிறது,
கண்ணாடியை நக்கிக்கொண்டு.
ஆனாலும் காத தூரம் விரட்டப்பட்டதுபோல
அதன் விலா ஏறி இறங்குகிறது.
தீனி எடுக்கிறது. காய்ச்சல் இல்லை. கண்ணில் பீளை இல்லை.
கம்பளிக்குள் கைவிட்டால்
முதுகெலும்பு விரலை எண்ணுகிறது.

ஆப்பிரிக்காவின் தென்முனையில், மழை மறந்த மேட்டுநிலத்தில்
ஆட்டுக்காரர்கள் இதற்குப் பெயர் வைத்தார்கள்:
யாக்சீக்டெ. துரத்தல் நோய்.
துரத்துவது யார் என்று
பெயரில் இல்லை.

இஷ்பெலின் தம்பி வாட் பழைய சோதனைதான் செய்வான்.
பின்னங்கால் இரண்டையும் பிடித்துத் தூக்கினான்,
ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைத் தூக்குவதுபோல.
தலை தாழ்ந்தது.
மூக்கிலிருந்து
முதலில் ஒரு நூல்,
பிறகு நுரைத்து, தெளிந்து, நிற்காமல்
அவன் பூட்ஸ் நனைய வழிந்தது.
ஆறு இல்லை, குளம் இல்லை.
தன் நெஞ்சு சுரந்த தண்ணீரில்
புல்மேல் நின்றபடியே மூழ்குகிற ஒரு பிராணி.
வாட் மெல்ல இறக்கிவிட்டான்.
"மன்னிச்சுக்கோ" என்றது ஆட்டிடமா,
அக்காவிடமா, தெரியவில்லை.

மிச்சத்தை நான் பார்த்தேன்.
முன்னங்கால் இடுக்கில், கம்பளி முளைக்காத இடத்தில்
கருவியை வைத்தால்
நல்ல நுரையீரல் ஒரு வெள்ளைக் கோடு,
மூச்சுக்கு மூச்சு வழுக்கும்.
அந்தக் கோடு அறுந்து
கீழே சாம்பல் கட்டி தெரிந்தால்
நெற்றியில் சிவப்புச் சாயம்.
ஏழு.
ஏழாவது, போன வருஷம் கெல்சோ சந்தையில்
அவள் பேரம் பேசாமல் வாங்கியது.
"அன்னைக்கு ஒரு தும்மல்கூட இல்லை" என்றாள்,
ஏதோ ரசீதைக் காட்டுவதுபோல.

பிறகு கேட்டாள்: உடம்பு ஏன் எதிர்க்கவில்லை?

சொல்லியிருக்க வேண்டாம். சொன்னேன்.
ஆடு ஆடாகும் முன்பே
இந்த வைரஸின் மூத்த பங்காளி ஒன்று
வித்துக்குள் நுழைந்து குடியேறிவிட்டது.
ஒவ்வொரு செம்மறியின் ஒவ்வொரு அணுவிலும்
அதற்கு இருபதுக்கு மேல் பட்டா.
வாடகையும் கொடுக்கிறது:
கரு கருப்பையைப் பற்றிக்கொள்ளும் வாரத்தில்
அது கைகொடுக்காவிட்டால் குட்டி தங்காது.
அதனால் வெளியே இருந்து இவன் வரும்போது
காவல் எழுந்து நிற்பதில்லை.
முகஜாடை பார்த்து
உள்ளே விட்டுவிடுகிறது.

இஷ்பெல் வெகுநேரம்
ஒரு காதுவில்லையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
"அப்போ என் குட்டிகளையெல்லாம்..."
முடிக்கவில்லை.
ஏழையும் ஏற்ற லாரி வந்தது.
ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை என்பதை
நான் இரண்டாம் தடவை சொல்லத் தேவைப்படவில்லை.

ஜனவரி. அதே பெட்டி, அதே குளிர்ந்த பசை.
நூற்றைந்து வயிறுகள்.
நீண்ட தீனித்தொட்டியை அறுத்து
அவள் ஒன்பதாக்கியிருக்கிறாள்,
மூக்கோடு மூக்கு உரசாதிருக்க.
திரையின் இருட்டில்
ஒரு துடிப்பு, பக்கத்தில் இன்னொன்று.
இரட்டை, என்கிறேன். பச்சைச் சாயம்.
யாருடைய உதவியில் ஒட்டிக்கொண்டன என்று
நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.
சிவப்பு டப்பா வண்டியிலேயே கிடக்கிறது.

கிளம்பும்போது, டர்னிப் கிழங்கு குவித்த தள்ளுவண்டியின்
பிடிகளைப் பற்றி
அவள் தூக்குகிறாள்.
முன்பக்கம் சரிகிறது.
சக்கரத்தடியில்
ஏதாவது வழிகிறதா என்று
என் கண் போய்விடுகிறது.