எழுபத்தொன்று

மூன்றாவது தட்டும் செத்தது.
எழுபத்தொரு சதவீதத்தில் ஒரு விக்கல்,
பிறகு சின்னப் பெட்டி, ஒற்றை வரி,
அதன் கீழே 'சரி' என்றொரு பொத்தான்.
எது சரி?

யாங்கோன், முப்பத்தெட்டாம் தெரு,
மாடிப்படிக்கு அடியில் என் கடை.
நின்றால் தலை இடிக்கும்,
வருகிறவர்களை உட்காரச் சொல்வேன்.
ஆதிமூலம் உட்காரவில்லை, குனிந்தே நின்றான்.
தங்கை கல்யாணப் படம்
ஒன்பது மணி பஸ்ஸில் மௌலமைன் போக வேண்டும்,
மாப்பிள்ளை வீட்டுக்கு.

முதலில் கரண்டைச் சந்தேகித்தேன்.
இந்த ஊரில் அது ஒரு மரியாதை.
ஸ்டெபிலைசர் முள் நூற்றெழுபதில் நடுங்கியது.
ஐஸ்பெட்டியைப் பிடுங்கினேன், ஃபேனைப் பிடுங்கினேன்,
வியர்வை கீபோர்டில் சொட்டச் சொட்டப்
பதினாறு வேகத்தை நாலாக இறக்கினேன்.
எழுபத்தொன்று.

அடுத்தது தட்டு.
சந்தையில் ஐம்பது அடுக்கிய கோபுரம் வாங்கினால்
மேலே நாலைந்துதான் சொன்ன சொல் காக்கும்.
அடியில் இருப்பவை எந்த ஆலை பெற்றதோ.
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும்:
கத்தரிப்பூ நிறம் ஒரே சீராக ஓடினால் எடு,
ஓரத்தில் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தால்
மழைக்காலம் உள்ளே போய்விட்டது, விடு.

"அவங்க வீட்டு பிளேயர் எப்படி?"
"பழசு. தட்டினாத்தான் கதவு திறக்கும்."
பழசுக்குக் கூட்டல் ஆர் ஆகாது,
கழித்தல் ஆர்தான் செரிக்கும்.
"கல்யாணத்துக்குப் போய்க் கழித்தலா?"
தட்டுக்கு நல்ல நேரம் தெரியாது, தம்பி.

பூட்டிவைத்த ஜப்பான் சரக்கை எடுத்தேன்,
ஒன்று எண்ணூறு சாட்.
அதுதான் மூன்றாவது.

லென்ஸைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தபோது
கரண்ட் போயிற்று.
இருட்டில்தான் உறைத்தது.
தட்டு சொத்தையென்றால் கண்ட இடத்தில் நிற்கும்.
கரண்ட் நினைத்த இடத்தில் அறுக்கும்.
வேறு வேறு தட்டு, வேறு வேறு வேகம்,
ஒரே இடத்தில் நொண்டுகிறதென்றால்
கல் பாதையில் இல்லை,
செருப்புக்குள் இருக்கிறது.

"மீ லாப்பீ!" என்று தெருவே கத்தியது,
விளக்கு வந்ததென்று விளக்குக்கே சொல்வதுபோல்.
நானும் கத்தினேன்.
படத்தை ஓட்டினேன்.

பந்தி. இலை. ரசம் ஊற்றுகிற கை.
பச்சைக் கட்டங்கள் சிதறின.
அடுத்த கணம் அதே கை,
வாளி காலி, வேறு வரிசை.

"இங்க வெட்டினியா?"
சுவரில் இருந்த போன வருஷக் காலண்டரைப் படித்தான்.
"அண்ணன் வந்தான். கூப்பிடல. சாப்பிட்டான். அவ்வளவுதான்."

பதினோரு நிமிஷம்.
ஏதோ இலவச மென்பொருளில் கண்ட இடத்தில் கத்தரித்திருக்கிறான்.
படத்துக்கும் எலும்பு உண்டு,
மூட்டுப் பார்த்து வெட்ட வேண்டும்.
கோழி வெட்டுகிறவனைக் கேட்டால் சொல்வான்.

"மூட்டில் வெட்டித் தரவா,
முழுசைக் கொண்டுவரியா?
எனக்கு ரெண்டும் ஒரே கூலி."

பதில் சொல்லாமல் மழையில் இறங்கினான்.
போனவன் போனவன்தான் என்று
ஐஸ்பெட்டியை மறுபடி மாட்டிவிட்டேன்.
ஏழு மணிக்கு லுங்கி நனைய வந்தான்,
பிளாஸ்டிக் பையில் சுற்றிய பென்டிரைவ்.
முழுசு.

எழுதுமுன் ஓட்டிப் பார்த்தேன், தொழில் அது.
மடித்த சட்டைக்கை.
இருபுறமும் ஆளில்லாத இலை.
ரசத்தை இரண்டு தரம் கேட்டு வாங்கினார் அந்த மனிதர்.
ஆதிமூலம் அப்போதுதான் உட்கார்ந்தான்.

நாலு வேகம்.
எழுபது, எழுபத்தொன்று, எழுபத்திரண்டு.
எதுவும் நடக்காததுபோல் போயிற்று.
மூடி முத்திரை போட்டு, சரிபார்த்து,
நடு வளையத்தில் மார்க்கரால் தேதி எழுதினேன்.
பால்பாயின்ட் படக்கூடாது, ஸ்டிக்கர் ஒட்டக்கூடாது,
வெயிலில் வைக்கக்கூடாது என்றேன்.
பாதிதான் கேட்டான். பஸ்.

ஓடவில்லையென்றால் ஆள் திரும்பி வரும்.
இதுவரை வரவில்லை.
செத்த தட்டுகளில் இரண்டு
பால்கனியில் புறாவிரட்டத் தொங்குகின்றன.
ஜப்பான்காரனை எறிய மனமில்லை.
அதன்மேல் டீக்கிளாஸ் வைக்கிறேன்.
அதில் மாலை மாற்றுகிறார்கள், தாலி கட்டுகிறார்கள்,
இலை போடுகிறார்கள்,
ரசம் வருகிறது.