எட்டாம் வேற்றுமை

சாகும் முன் நான் கடலூர் புதுப்பாளையத்தில் தமிழாசிரியன்.
ஆகவே புதுச்சேரி துய்மா வீதி மாளிகையில்
கட்டியம் கூறும் வேலையை எனக்குத் தந்தார்கள்.
சம்பளம் இல்லை. வாரம் இரண்டு கிண்ணம்.
சீருடை உண்டு, பித்தளைப் பொத்தான்களோடு.

முதல் இரவே பாடம் நடத்தினார் காரியதரிசி முசியே கஸ்பார்:
செத்து நூறு வருஷம் ஆகாதவன் நீ.
தாண்டினால் நீர்.
கோட்டை இடிபட்டதைக் கண்ணால் பார்த்தவர்கள் தாங்கள்.
அதற்கும் முந்தியவர் ஒரே ஒருவர்.
அவருக்கு முன்னிலைப் பெயரே கிடையாது.
சுவரைப் பார்த்துச் 'சமுகம்' என்று சொல்லிவிட்டு
மூச்சு வாங்குவதுபோல் நடிக்க வேண்டும்.

பிறகு தவறுகள்.
பேச்சில் அடிபட்டவர் அந்நேரம் பார்த்து உள்ளே வந்தால்
'உங்களுக்கு நூறு ஆயுசு' என்று வாய் தவறக் கூடாது,
இருநூற்றைக் குறைத்த குற்றம்.
'சாப்டீங்களா' கூடவே கூடாது.
இங்கே அது கெட்ட வார்த்தை.
மனிதர் யாராவது 'போய்ட்டு வாங்க' என்றால்
அது சாசனம். முத்திரை தேவையில்லை.

மதாம் எலொதீ, வெறும் 'மகாகனம்' போதாதென்று
மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.
இறந்த தேதியையும் சேர்த்துக் கூவ வேண்டுமாம்,
கல்லில் வெட்டியிருக்கிற வரிசையில்.

வகுப்பில் சொல்வேன்:
எட்டாம் வேற்றுமை விளி. அதற்கு உருபு இல்லை.
பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள்.
இங்கே ஆளுயரக் கண்ணாடியின் முன்
சமுகம், மகாகனம், முசியே, மதாம் எல்லோரும்
பட்டம் வழுவாமல் நிற்கிறார்கள்.
கண்ணாடியில் நாற்காலிகள் மட்டும்.

விளி என்றால் கூப்பிடு.
விளி என்றால் செத்துப்போ.
இரண்டையும் ஒரே சொல்லில் வைத்தவன்
எங்களைப் பார்த்திருக்க வேண்டும்.

ஐப்பசி மழை. கரண்ட் போயிருந்தது.
விடிகாலை மூன்று மணி இருக்கும்.
துறைமுகத்திலிருந்து பெரிய மார்க்கெட்டுக்குப் போகிறவள்
எங்கள் வாசற்படியில் கூடையை இறக்கினாள்.
அஞ்சலாட்சி, வம்பாகீரப்பாளையம்.
(பெயரைப் பிறகுதான் விசாரித்தேன்.)
சமுகம் காற்று வாங்க வெளியே வந்திருந்தார்.
நாங்கள் காற்று வாங்குவதில்லை,
ஆனாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.
நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு
'ராஜமானிய ராஜஸ்ரீ' வரை வந்திருந்தேன்.
அவள் என்னைக் கையமர்த்திவிட்டு
அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

'ஏன் ராசா, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு?
சாப்டியா?'

மேல்மாடிச் சன்னலில்
மதாம் எலொதீயின் விசிறி விழுந்த சத்தம்.

'சரி, தூக்கி வுடு.'

சமுகம் குனிந்தார்.
கூடையைத் தூக்கி அவள் சும்மாட்டில் வைத்தார்.
சொட்டியது, வஞ்சிரத்தின் இரத்தம்,
மணிக்கட்டுச் சரிகையில்.
அவர் நக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

'நாளைக்கு வூட்டுப் பக்கம் வா ராசா,
சங்கரா கொழம்பு வைக்கிறேன்.'

வா. ஏவல் ஒருமை வினைமுற்று.
பதிவேட்டில் இதற்குப் பத்தி இல்லை.

மறுநாள் இருட்டியதும் அவர் தனியே கிளம்பினார்.
நான் சந்து சந்தாக ஓடினேன், அவளை எச்சரிக்க.
நிலைப்படி வரை போனேன்.
அதற்கு மேல் கால் எழவில்லை.
அழைக்கப்பட்டவர் அவர்.

அவர் வந்தார், என்னைக் கடந்தார், குனிந்து உள்ளே போனார்.

டியூப்லைட். எவர்சில்வர் தட்டு.
அதன் முன் சம்மணமிட்டு முன்னூறு வருஷம்.
சோற்றைத் தொடவில்லை.
அவள் கழுத்தைப் பார்க்கவும் இல்லை,
அல்லது பார்க்கிறாரா,
நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

'தின்னு ராசா, ஆறுது.'

பிறகு கதவுப் பக்கம் திரும்பி,
'வெளிய யாரு?'

பட்டம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.
என் பெயர்கூட.
வாயைத் திறந்தேன்,
ஓர் உருபும் இல்லாமல்.