ஒரு விரற்கடை

அகுரேரி ஆஸ்பத்திரித் திரையில் என் இடது கால்.
குதிகால் எலும்பு மூக்கை நீட்டி
முன்னெலும்பில் முட்டிக்கொண்டு நிற்கிறது.
"எறும்புதின்னி மூக்கு என்போம் இதை"
என்றார் டாக்டர் அல்ஃபெய்துர்.
இந்தத் தீவில் எறும்புதின்னி கிடையாது.
எறும்பே அபூர்வம்.

இரண்டாக இருக்கவேண்டியவை
கருவிலேயே பிரிய மறந்துவிட்டன.
பதினைந்து வயதில் இறுகின.
சமதரையில் தெரியாது.
மேடு பள்ளம் வந்தால் பாதம் சாயவேண்டும்.
சாயாது.
கணுக்காலுக்கு வெளியே வலி
கம்பியாக ஏறும்.

எங்கள் பண்ணையைச் சுற்றிச் சமதரை ஏது?
பனி உறைந்து உறைந்து புடைத்த புற்குமிழ்கள்.
செப்டம்பரில் மலையிலிருந்து ஆடுகளை இறக்கும்போது
ஒவ்வோர் அடியும் யார் தலையையோ மிதிப்பதுபோல்.
போன வருஷம் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன்.
என் பக்கமாய் நழுவி நாற்பது ஆடுகள் ஓடிப்போயின.
அப்பா திட்டவில்லை.
"எல்லாருக்கும்தான் கால் வலிக்கும், ஸ்டெய்ன்வோர்" என்றார்.
திட்டியிருக்கலாம்.

டாக்டர் சொன்னார்:
ஒட்டை வெட்டியெடுத்தால் ஒரு விரற்கடை இடைவெளி.
சும்மா விட்டால்
எலும்பு தேடிப்போய் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.
அதனால் உன் பிட்டத்திலிருந்து
கொஞ்சம் கொழுப்பெடுத்து நடுவில் வைப்போம்.
சிரித்துவிட்டேன்.
இவ்வளவு காலம் உட்கார்ந்ததற்கு
அதுவாவது கடன் கொடுக்கட்டும்.

பிறகு கேட்டார்:
குடும்பத்தில் வேறு யாருக்காவது?
அப்பா ஜன்னலைப் பார்த்தார்.
கழியில் ஒரு மீன்பிடிப் படகு திரும்பிக்கொண்டிருந்தது.
அது திரும்பி முடிந்ததும்
குனிந்து, முடிச்சவிழ்த்து,
பூட்ஸைக் கழற்றினார்.
கம்பளிக் காலுறையையும்.
தட்டைப் பாதம். என்னுடையதேதான், முடியோடு.
டாக்டர் குதிகாலைப் பிடித்து அசைத்தார்.
அசையவில்லை.
"எத்தனை வருஷமாக?"
"எது எத்தனை வருஷமாக?" என்றார் அப்பா.

ஐம்பத்திரண்டு வயது வரை
அந்த வலியைப்
பாதத்தின் இன்னொரு பெயர் என்றே
நினைத்திருக்கிறார்.

அவருக்கு இனிப் பிரிக்க முடியாதாம்.
மூட்டு தேய்ந்துபோயிற்று.
திருகாணி போட்டு முழுசாய் இறுக்கினால் வலி போகும்.
ஒரே வீட்டில்
எனக்கு வெட்டுவது வைத்தியம்,
அவருக்கு ஒட்டுவது.
"ஆடுகள் குட்டி போட்டு முடியட்டும்" என்றார்.
எந்த வருஷத்துக் குட்டி என்று சொல்லவில்லை.

நான்கு வாரம் மாவுக்கட்டு.
பிரித்தபோது கால் சூம்பி, வெளுத்து,
கருவாட்டு வாடை.
கட்டைவிரலால் காற்றில் எழுத்துகளை எழுதச் சொன்னார்கள்.
வளைவில்லாத எழுத்துகள் வந்தன.
என் பெயரின் முதல் எழுத்து
பதினோராம் நாள்தான் வந்தது.

இந்தச் செப்டம்பர்
புற்குமிழ் மேல் காலை வைத்தேன்.
சாய்ந்தது.
கொஞ்சம்தான்.
கதவு திறக்குமுன் தாழ் நகருமே, அவ்வளவு.
வலி இருக்கிறது இன்னும், வேறு மாதிரி,
இது என்னுடையது மட்டும்.

முன்னால் அப்பா போகிறார்,
பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி,
மேடுகளையெல்லாம் சுற்றிக்கொண்டு.
இத்தனை நாளும் அதை
அவருடைய நடை என்று நினைத்திருந்தேன்.
"மெதுவாப் போங்க" என்று கத்தினேன்.
இந்தக் காற்றில் கேட்டிருக்காது.
ஆனாலும் நின்றார்,
ஆடுகளை எண்ணுவதுபோல்.